தொண்டியில் வீட்டிலிருந்தே விர்ச்சுவல் அசிஸ்டெண்ட் தொழில் தொடங்க முடியுமா?

கேட்டவர் பி.காம். முடித்துவிட்டுத் தொண்டியில் வீட்டில் இருக்கிறாராம். இந்த வேலையைத் தொழிலாகச் செய்ய முடியுமா, முதல் வாடிக்கையாளர் எங்கே கிடைப்பார், எப்படிப் பெரிதாக்குவது, என்ன லேப்டாப் வாங்குவது என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார். நான் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் இருந்துகொண்டு 2019 முதல் இதைச் செய்கிறேன். இப்போது என்னோடு இரண்டு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

முடியும். ஆனால் முதலில் இது என்ன வேலை என்று சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்.

என் அப்பா மீன் கமிஷன் கடையில் கணக்கப்பிள்ளை. முதலாளி பாதி நாள் கடையிலேயே இருக்க மாட்டார். எந்தப் படகுக்கு எத்தனை பார் ஐஸ் போனது, டீசலுக்கு யார் முன்பணம் வாங்கினார், நண்டுக் கம்பெனிக்காரர் எந்தத் தேதியில் பணம் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார், எல்லாம் அப்பா தலையில் இருக்கும். நோட்டு எழுத யாராலும் முடியும். முதலாளி மறந்துபோனதை அப்பா மறக்காமல் இருக்கிறாரே, அதற்குத்தான் அந்தச் சம்பளம். விர்ச்சுவல் அசிஸ்டெண்ட் என்பவரும் அதே கணக்கப்பிள்ளைதான். முதலாளி துபாயிலோ லண்டனிலோ இருக்கிறார், அவ்வளவுதான். அவருடைய மெயிலைப் பார்ப்பது, சந்திப்புகளைக் காலண்டரில் போடுவது, இன்வாய்ஸ் அனுப்புவது, பணம் வராதவர்களுக்கு நினைவூட்டுவது, டிக்கெட் போடுவது. டைப் அடிக்கிற வேலை என்று நினைத்து வந்தவர்கள் நிலைத்து நான் பார்த்ததில்லை.

டைப் அடிப்பது என்றதும் இன்னொன்று. ‘வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வரும். கட்டினால் படிக்கவே முடியாத பக்கங்களைக் கொடுத்து டைப் செய்யச் சொல்வார்கள். கடைசியில் ‘துல்லியம் குறைந்துவிட்டது, ஒப்பந்தப்படி அபராதம் கட்டு, இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ்’ என்று மிரட்டுவார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு பெண் மாட்டினாள். வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்டால் அது வேலை இல்லை. ஏற்கெனவே மாட்டியிருந்தால் 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணுக்குச் சொல்லுங்கள்.

முதல் வாடிக்கையாளர். எல்லோரும் அப்வொர்க், ஃபைவர் என்று ஆன்லைனில் வேலை தேடும் தளங்களில் போய் நிற்கிறார்கள். நானும் போனேன். மூன்று மாதம் விண்ணப்பம் போட்டும் ஒரு பதில்கூட வரவில்லை. அங்கே கிடைக்காது என்று சொல்லவில்லை. புதிதாக வருபவருக்கு அங்கே காட்ட ஒன்றும் இருக்காது. ஆனால் நம் கரையோரத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று எங்கே எடுத்தாலும் அங்கே சின்னதாக ஒரு கடையோ அலுவலகமோ நடத்துபவர் நமக்குத் தெரிந்தவராக இருப்பார். அவர்களுக்கு ஆள் தேவை, அந்த ஊர்ச் சம்பளத்துக்கு வைக்க முடியாது, தமிழ் தெரிந்தால் இன்னும் வசதி.

எனக்கு முதலில் கிடைத்தவர் துபாய் தேராவில் டிராவல்ஸ் நடத்தும் கீழக்கரைக்காரர். ஊரே அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடும். நான் அனுப்பிய செய்தி இவ்வளவுதான்: ‘காக்கா, உங்கள் டிராவல்ஸின் இணையப் பக்கத்தில் வந்த விசாரணைக்கு மூன்று நாள் கழித்துப் பதில் போயிருக்கிறது. தினமும் இரண்டு மணி நேரம் நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு வாரம் பாருங்கள், பிடித்தால் பேசுவோம்.’ என்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அவர் கடையில் கண்ணில் பட்ட குறை மட்டும். மாதம் 6,000 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார். அந்த ஒரு வாரம் இலவசமாகப் பார்த்தது தப்பு என்று இப்போது நினைக்கிறேன். பாதிக் கூலியாவது கேட்டிருக்க வேண்டும்.

முதல் இரண்டு மாதம் வந்த மெயிலுக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு நாள், உம்ரா போகவிருந்த ஐந்து பேர் குடும்பம் ஒன்றின் பாஸ்போர்ட் நகல்களைப் பெயர் மாற்றிச் சேமித்துக்கொண்டிருந்தபோது கடைசிக் குழந்தையின் காலாவதித் தேதி கண்ணில் பட்டது. பயணத் தேதியில் இருந்து நான்கு மாதம்தான் இருந்தது. பல நாடுகள் 6 மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும் என்று கேட்கும். பெரியவர்கள் பாஸ்போர்ட் 10 வருடம், குழந்தைகளுக்கு 5 வருடம்தான். பெற்றோர் தங்களுடையதைப் பார்த்துவிட்டுப் பிள்ளையினுடையதை விட்டுவிடுவார்கள். காக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அன்று ராத்திரியே கூகுள் ஷீட்டில் பெயர், பயணத் தேதி, காலாவதித் தேதி என்று மூன்று கட்டம் போட்டு, இடைவெளி 6 மாதத்துக்குக் குறைந்தால் வரி சிவப்பாகும்படி செய்து வைத்தேன். அரை மணி நேர வேலை. காக்கா அடுத்த மாதம் 10,000 அனுப்பினார், நான் கேட்கவே இல்லை. வேறு இரண்டு டிராவல்ஸ்காரர்களிடம் அவரே என்னைப் பற்றிச் சொன்னார். விளம்பரத்துக்கு நான் இன்றுவரை ஒரு ரூபாய் செலவழித்ததில்லை.

பெருமையோடு ஒரு அவமானத்தையும் சொல்ல வேண்டும். அதே பாஸ்போர்ட் படங்கள் வாட்ஸ்அப்பில் வரும்போது தானாகவே என் போன் கேலரியில் சேர்ந்துகொண்டிருந்தன. அக்கா மகன் கல்யாணப் படம் பார்க்கிறேன் என்று போனை வாங்கித் தள்ளிக்கொண்டே போனவன், ‘சித்தி, இவங்கல்லாம் யாரு?’ என்றான். சுற்றி நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. வேலைக்குத் தனி எண், தனி மெயில், வாட்ஸ்அப்பில் படம் கேலரிக்குப் போகும் வசதியை நிறுத்துவது, இதையெல்லாம் முதல் நாளே செய்யுங்கள். பாஸ்வேர்டைச் செய்தியில் வாங்காதீர்கள். ஜிமெயிலில் இன்னொருவருக்கு அனுமதி கொடுக்கும் வசதி இருக்கிறது; மற்றவற்றுக்கு பிட்வார்டன் மாதிரி பாஸ்வேர்டைப் பூட்டி வைக்கும் செயலி ஒன்று போதும். வாடிக்கையாளரின் வங்கிக் கணக்குப் பக்கம் மட்டும் போகாதீர்கள், அவரே வற்புறுத்தினாலும்.

2020 மார்ச்சில் விமானங்கள் நின்றன. என் மூன்று வாடிக்கையாளர்களும் டிராவல்ஸ்காரர்கள்! இரண்டு பேர் அந்த வாரமே நிறுத்திவிட்டார்கள். காக்கா மட்டும் பாதிச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். ரத்தான டிக்கெட்டுகளின் பணத்தை விமான நிறுவனங்களிடம் கேட்டுக் கேட்டு வாங்கும் வேலை. ஒரே வகை வேலையில் தேர்ந்தவராக இருப்பது நல்லதுதான், அதில்தான் பேர் கிடைக்கும். ஆனால் வருமானம் முழுவதும் ஒரே தொழிலில் இருந்து வரக்கூடாது என்று அந்த வருடம் தெரிந்துகொண்டேன். அப்போது கிடைத்தவர்தான் லண்டனில் கணக்காளராக இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். அங்கே சுயதொழில் செய்பவர்கள் ஜனவரி 31-க்குள் ஆன்லைனில் வரிக்கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். நவம்பரில் இருந்தே அவருடைய ஆட்களிடம் ‘உங்கள் ரசீதுகள் இன்னும் வரவில்லை’ என்று விடாமல் கேட்பது என் வேலை.

அவரிடம்தான் நேரத்தில் கோட்டைவிட்டேன். துபாய் நேரம் வருடம் முழுக்க நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே 9 என்றால் இங்கே 10:30. எனக்கு அது பழகியிருந்தது. லண்டன் கோடையில் நாலரை மணி நேரம் பின்னால், அக்டோபர் கடைசி ஞாயிறில் கடிகாரத்தை மாற்றிவிட்டால் ஐந்தரை. நான் திங்கட்கிழமைச் சந்திப்புகளை இந்திய நேரம் 2:30 என்று போட்டு வைத்திருந்தேன். அங்கே அது 10 மணிக்குப் பதில் 9 மணி ஆகிவிட்டது. அவருடைய ஆள் ஒருவர் 9 மணிக்கு வந்து வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். ‘பிள்ளை, நேரம் மாறிட்டுது எண்டு தெரியாதோ?’ என்றார் கணக்காளர், அவ்வளவுதான் கோபம். அன்றிலிருந்து எந்தச் சந்திப்பையும் வாடிக்கையாளர் ஊர் நேரத்தில்தான் போடுகிறேன். எனக்கு எத்தனை மணி என்பதைக் காலண்டரே காட்டட்டும்.

ஆங்கிலம் போதுமா என்று கேட்பீர்கள். சின்னச் சின்ன வாக்கியம் தப்பில்லாமல் எழுதினால் போதும். இப்போது சாட்ஜிபிடி மெயில் எழுதித் தருகிறது. எழுதுவதை மட்டும் விற்றுக்கொண்டிருந்தவர்களுக்குக் கஷ்டம்தான். ரசீது தராதவரை மூன்றாவது முறையாக, அவர் கோபப்படாதபடி கேட்பது இன்னும் நம் கையில்தான் இருக்கிறது.

பெரிதாக்குவது பற்றி. நான்கு வாடிக்கையாளருக்கு மேல் தனியாள் தாங்க மாட்டார். முதலில் ஒரு பெண்ணைச் சேர்த்து ‘இதைப் பார்த்துக்கோ’ என்றேன். ஒரு மாதத்தில் ஓடிவிட்டாள். தப்பு என்னுடையது. எதை எப்படிச் செய்வது என்பது என் தலைக்குள் மட்டும் இருந்தது. அப்புறம் இரண்டு மாதம் உட்கார்ந்து ஒவ்வொரு வேலைக்கும் குறிப்பு எழுதினேன்: எந்த மெயிலுக்கு எந்தப் பதில், எதை நீயே முடிவு செய்யலாம், எதற்கு என்னைக் கூப்பிட வேண்டும். திரையில் செய்வதை அப்படியே பதிவு செய்தும் வைத்தேன். அதன் பிறகு வந்த இரண்டு பேரும், ஒருவர் பாம்பன், ஒருவர் தேவிபட்டினம், இன்னும் இருக்கிறார்கள். பாம்பன் பெண்ணின் வீட்டில் விசைப்படகு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் அவளுடைய சம்பளம்தான் வீட்டில் ஓடும். அந்த இரண்டு மாதம் மட்டும் கூடுதல் மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்வாள், நானும் கொடுத்துவிடுவேன்.

கூலி மணிக்கணக்கில் தொடங்கி, சீக்கிரமே மாதக் கணக்குக்கு மாறிவிடுங்கள். மாதத்துக்கு இத்தனை மணி நேரம், இன்னின்ன வேலை, பணம் 5-ஆம் தேதிக்குள் முன்கூட்டியே என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பிச் ‘சரி’ என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு பக்கம் இல்லாமல் ஒருவருக்கு இரண்டு மாதம் வேலை செய்து பணத்தை விட்டிருக்கிறேன். வெளிநாட்டுப் பணம் வங்கி வழியாகவோ வைஸ், பேபால் போன்ற பணம் அனுப்பும் சேவைகள் வழியாகவோ வரும். ஒவ்வொன்றிலும் கட்டணத்தையும் மாற்று விகிதத்தையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். பணம் வந்ததற்கான சான்றை ஒவ்வொரு முறையும் எடுத்து வையுங்கள். வருடத்துக்கு மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். வருமான வரிக்கு ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முன்கூட்டியே அறிவிப்பார்கள், அதை வாடிக்கையாளருக்கும் சொல்லிவிடலாம். ரௌட்டருக்கு மட்டும் ஒரு சின்ன யூபிஎஸ், வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு சிம். 2020 டிசம்பரில் புரேவி புயல் நம் கரைக்குப் பக்கத்திலேயே நகராமல் நின்றபோது இதெல்லாம் போதவில்லை. அன்றிலிருந்து பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினார்கள் என்று கேட்டதுமே எல்லோருக்கும் ஒரு மெயில் போட்டுவிடுகிறேன்: இரண்டு நாள் தொடர்பு அறுந்துபோகலாம், அவசரமானதை இன்றே சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

லேப்டாப்புக்கு 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி இருந்தால் போதும், பழையதே வாங்கலாம். ஆனால் நம் உப்புக்காற்றுக்கு ஒரு குணம் உண்டு. என் முதல் லேப்டாப்பைக் கடல் பக்கத்து ஜன்னலோரம் வைத்திருந்தேன். ஒன்றரை வருடத்தில் யூஎஸ்பி வாயில் பச்சையாகக் களிம்பு ஏறி, சார்ஜரும் பிடிக்காமல் போய்விட்டது. இப்போது வேலை முடிந்ததும் துடைத்துப் பீரோவுக்குள் வைத்துவிடுகிறேன். பழையது வாங்கும்போது டார்ச் அடித்து அந்த வாய்களுக்குள் பாருங்கள். பச்சை தெரிந்தால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.