6 ஓம் ரிசீவரில் 4 ஓம் ஸ்பீக்கர் போடலாமா?

வேளச்சேரி ஃபிளாட்டில் 12க்கு 14 அடி ஹால், பின்பக்கம் 6–16 ஓம் எனப் போட்ட ரிசீவர் (ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி); அதில் 4 ஓம் ஸ்பீக்கர் சேருமா என்பது கேள்வி. வேண்டாம். ஓம் என்பது ஸ்பீக்கர் கரண்டுக்குக் காட்டும் தடை; அது குறைந்தால் ஸ்பீக்கர் கரண்ட் அதிகம் இழுக்கும். சத்தம் கூட்டியதும் ரிசீவர் சூடேறி, தன்னைத்தானே காக்கும் புரொடெக்‌ஷனுக்குப் போய் அணைந்துவிடும். சென்னை வெயிலில், டிவி ஸ்டாண்டுக்குள் காற்றில்லாமல் வைத்தால் இன்னும் சீக்கிரம்.

8 ஓம் எடுங்கள். வாட்ஸைவிட சென்சிட்டிவிட்டிதான் (ஒரே பவருக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்பது) முக்கியம்: 87 டெசிபல் ஸ்பீக்கர் 50 வாட்ஸில் தரும் சத்தத்தை 90 டெசிபல் ஸ்பீக்கர் 25 வாட்ஸிலேயே தரும். முன்பக்க ஸ்பீக்கர்கள் மூன்றும் (இடது, நடு, வலது) ஒரே சீரிஸாக இருக்கட்டும், இல்லாவிட்டால் வசனம் ஒரு ஸ்பீக்கரிலிருந்து இன்னொன்றுக்கு நகரும்போது குரலே மாறும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வயர் வாங்கும்போது 14 கேஜ் (வயரின் தடிமன்), சுத்தச் செம்பு என்று கேளுங்கள். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம்.