மட்சுயாமாவுக்கு முன்பே ஒருவர் இருந்தார்: இசாவோ அவோகி

கேள்வி: ஹிடேகி மட்சுயாமாவைத் தவிர, கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஜப்பானிய கோல்ஃப் வீரர் யார்?

என்னைக் கேட்டால் இசாவோ அவோகி. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. கோல்ஃபின் நான்கு பெரிய 'மேஜர்' போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸ் பட்டத்தை 2021இல் மட்சுயாமா வென்றபோது "மேஜர் போட்டியை ஜெயித்த முதல் ஜப்பானிய ஆண்" என்று எல்லோரும் எழுதினார்கள். அது சரிதான். ஆனால் அதற்கு 41 வருடம் முன்பே அவோகி அந்த வாசற்படி வரைக்கும் போய் நின்றிருக்கிறார், அதுவும் நாலு நாளும் அமெரிக்க ஜாம்பவான் ஜாக் நிக்லஸுடன் ஒரே ஜோடியில் (கூட்டாக அல்ல, எதிரெதிராக) ஆடி. (பெண்களில் ஹிசாகோ ஹிகுச்சி 1977லேயே அமெரிக்கப் பெண்கள் கோல்ஃபின் எல்பிஜிஏ சாம்பியன்ஷிப்பை வென்று மேஜர் பட்டம் வாங்கிவிட்டார். இதைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள், அதனால் இங்கே சொல்லிவைக்கிறேன்.)

அவோகி எனக்குப் பிடித்துப் போனதே அவர் பட்டர் பிடிக்கும் விதத்தைப் பார்த்துத்தான். கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், பந்தை உருட்டிக் குழியில் போடும் மட்டைதான் பட்டர். அதன் அடிப்பாகம் தரையில் சமமாகப் படிய வேண்டும் என்பது எந்தப் பயிற்சியாளரும் ஆரம்பத்திலேயே சொல்லிக் கொடுக்கிற பாடம். அவோகி ஆட்டத்தில் அதைப் பார்க்கவே முடியாது. மனிதர் நல்ல உயரம். அப்படியே குனிந்து, கைகளை நன்றாகக் கீழே இறக்கிப் பிடிப்பார், மட்டைத் தலையில் அவர் காலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓரம் மட்டும் புல்லில் படும், அந்தப் பக்கத்து முனை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும். பார்க்கிறவருக்கு மட்டையின் நீளம் தப்பாகிவிட்டதோ என்று தோன்றும். அப்புறம் மணிக்கட்டால் 'டக்'கென்று ஒரே தட்டு, கேரம் காயைச் சுண்டுகிற மாதிரி. தோளை அசைத்து நிதானமாக இழுத்து அடிக்கிற வேலையெல்லாம் கிடையாது.

இது வெறும் வினோதம் இல்லை, உண்மையிலேயே கஷ்டமான வழி. பட்டரின் முகத்துக்கும் ஒரு சின்னச் சாய்வு உண்டு. முனையைத் தூக்கினால், வலது கை ஆட்டக்காரருக்கு அந்தச் சாய்வு பந்தை லேசாக இடது பக்கம் அனுப்பப் பார்க்கும். விலகல் சின்னதுதான், ஆனாலும் ஒவ்வொரு அடியிலும் கையே அதைச் சரிக்கட்டியாக வேண்டும். அன்றைய ஜப்பானில் பல மைதானங்களில் கிரீனுக்கு 'கொராய்' என்ற முரட்டுப் புல்தான் போட்டிருப்பார்கள், வெயில் காலத்தைத் தாங்குவது அதுதான் என்பதால். அந்தப் புல் சாய்ந்திருக்கும் திசைக்குப் பந்தை இழுத்துக்கொண்டு போய்விடும். மெதுவாகத் தடவினால் பந்து புல் சொல்கிற இடத்துக்குப் போகும், தட்டி விட்டால்தான் நாம் சொல்கிற இடத்துக்குப் போகும். அவோகியின் தட்டு அந்தப் புல்லுக்குப் பொருத்தமான தட்டு என்பது என் எண்ணம்.

ஆள் வந்த வழியும் அப்படித்தான். 1942இல் சிபா மாநிலத்தில் அபிகோ என்ற ஊரில் பிறந்தவர். அங்கே இருந்த கோல்ஃப் மன்றத்தில் சின்ன வயதிலேயே ஆட்டக்காரர்களின் பை சுமக்கும் கேடியாகத்தான் ஆட்டத்துக்குள் நுழைந்தார். 1964இல் தொழில்முறை வீரரானார். முதல் பட்டம் கிடைத்தது 1971இல். நடுவில் ஏழு வருடம் ஒன்றும் இல்லை! அதற்கப்புறம் ஜப்பான் டூரில் (அங்குள்ள தொழில்முறைப் போட்டித் தொடர்) மொத்தம் 51 பட்டங்கள், பரிசுப்பணப் பட்டியலில் ஐந்து முறை முதலிடம், அதில் 1978 முதல் 1981 வரை வரிசையாக நான்கு. ஏழு வருடம் காத்திருந்தவர் கை எங்கே போய் நின்றது பாருங்கள்.

சரி, 1980க்கு வருவோம். யுஎஸ் ஓப்பன், அதுவும் ஒரு மேஜர்தான், நியூ ஜெர்சியில் பால்டஸ்ரால் மைதானம். நிக்லஸுக்கு அப்போது 40 வயது. 1979 முழுக்க ஒரு பட்டம்கூட இல்லாமல் போனதால் "இனி அவ்வளவுதான்" என்ற பேச்சு வந்துவிட்டது. அவர் முதல் நாள் 18 குழிகளையும் 63 அடிகளில் முடித்தார் (கோல்ஃபில் எண்ணிக்கை குறையக் குறைய நல்லது). அதே ஜோடியில் அவோகி 68. இரண்டாம் நாள் நிக்லஸ் 71, அவோகி மறுபடியும் 68. மூன்றாம் நாள் நிக்லஸ் 70, அவோகி திரும்பவும் 68. கூட்டிப் பாருங்கள், இரண்டு பேரும் 204, சரிசமம். அந்த மூன்று 68தான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பக்கத்தில் உலகத்தின் மிகப் பெரிய ஆட்டக்காரர் 63 அடிக்கிறார், கூட்டம் முழுக்க அவருக்காகக் கத்துகிறது, இவரோ அதைப் பற்றிக் கவலையே இல்லாமல் நேற்று ஆடியதையே இன்றும் ஆடுகிறார்.

கடைசி நாள் 17வது குழிக்கு வரும்போது நிக்லஸ் இரண்டு அடி முன்னிலையில் இருந்தார். அது 600 கெஜத்துக்கும் மேலே நீளமான பார் 5, அதாவது ஐந்து அடியில் முடிக்க வேண்டிய குழி. மூன்றாவது அடியிலேயே அவோகி பந்தைக் குழிக்கு நெருக்கமாக வைத்துவிட்டார், பர்டி (பாரைவிட ஒரு அடி குறைவு) கிட்டத்தட்ட நிச்சயம். நிக்லஸுக்கு ஆறு மீட்டருக்கு மேல் தூரம். அவர் தவறவிட்டிருந்தால் வித்தியாசம் ஒன்றாகி, கடைசிக் குழியில் எதுவும் நடந்திருக்கலாம். ஆனால் நிக்லஸ் அதை உருட்டி உள்ளே போட்டுவிட்டார். அவோகியும் தன்னுடையதைப் போட்டார். 18வதும் பார் 5, அங்கேயும் அவோகியின் மூன்றாவது அடி குழிப் பக்கத்தில் வந்து நின்றது. அங்கேயும் இருவருக்கும் பர்டி. நிக்லஸ் 272, அவோகி 274. அதற்கு முன் யுஎஸ் ஓப்பன் சாதனை 275. அதாவது தோற்றவரும் பழைய சாதனையை உடைத்துவிட்டுத்தான் தோற்றார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிக்லஸின் கடைசிப் பந்து உள்ளே போனதும் கூட்டம் கிரீனை நோக்கிப் பாய்ந்தது. அவோகி இன்னும் ஆடி முடிக்கவில்லை. நிக்லஸ் கையைத் தூக்கி அவர்களை நிறுத்தி, இவர் ஆடி முடிக்க இடம் கொடுத்தார். தகவல் பலகையில் "ஜாக் திரும்பி வந்துவிட்டார்" என்று போட்டார்கள், அந்த வாரம் அப்படியே நிக்லஸின் கதையாகிவிட்டது. அவர் அதற்குத் தகுதியானவர்தான், ஆனால் அதே நாலு நாளில் ஒரு ஆசிய வீரர் அதுவரை எந்த யுஎஸ் ஓப்பன் வெற்றியாளரும் அடிக்காத எண்ணிக்கையை அடித்தார் என்பது அந்தக் கதைக்குள் புதைந்து போனது எனக்கு இன்றும் வருத்தம்தான். அடுத்த மாதமே முயர்ஃபீல்டில் இன்னொரு மேஜரான பிரிட்டிஷ் ஓப்பனின் மூன்றாவது சுற்றில் அவோகி 63 அடித்தார், அது அந்தப் போட்டியின் அன்றைய சாதனைக்குச் சமம்.

1983, ஹவாயன் ஓப்பன். ஹோனலூலுவில் வைஅலாயே மைதானம். அமெரிக்க வீரர் ஜாக் ரென்னர் ஆட்டத்தை முடித்து, ஒரு அடி முன்னிலையோடு மதிப்பெண் கூடாரத்துக்குள் இருக்கிறார். அவோகிக்கு 18வது குழியில் பர்டி கிடைத்தால்தான் சமன். பந்து உயரமான புல்லில் கிடக்கிறது, குழிக்கு 128 கெஜம், இது மூன்றாவது அடி. பந்தை உயரே தூக்கும் பிட்சிங் வெட்ஜ் மட்டையை எடுத்து அடித்தார். பந்து கிரீனில் குதித்து நேராகக் குழிக்குள் போய்விட்டது. ஈகிள், பாரைவிட இரண்டு அடி குறைவு! சமன் செய்ய வந்தவர் ஒரே அடியில் ஜெயித்துவிட்டார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு துள்ளிக் குதித்தார். அமெரிக்க பிஜிஏ டூரில் ஜப்பானியர் ஒருவர் வென்ற முதல் பட்டம் அதுதான். சிலர் இதை அதிர்ஷ்டம் என்பார்கள். 128 கெஜத்திலிருந்து நேராக உள்ளே போவதில் அதிர்ஷ்டமும் இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் புல்லிலிருந்து, அந்த நேரத்தில், பந்தைக் குழியின் நேர்கோட்டில் இறக்கியது அதிர்ஷ்டம் இல்லை. ரென்னருக்காக வருத்தப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: அடுத்த வருடம் அதே போட்டியை அவர் ஜெயித்தார்.

இதற்கெல்லாம் முன்பே, 1978இல் இங்கிலாந்தில் வென்ட்வொர்த்தில் ஒருவருக்கு எதிராக ஒருவர் ஆடும் உலக மேட்ச் ப்ளே பட்டத்தையும் வென்றிருக்கிறார். அடுத்த வருடம் அங்கேயே இறுதிப் போட்டியில் தோற்றாலும், வழியில் ஒரே அடியில் குழியில் போட்டு ஸ்காட்லாந்தில் ஒரு வீட்டையே பரிசாக வாங்கினார். 1983இல் ஐரோப்பிய ஓப்பன், 1989இல் ஆஸ்திரேலியாவில் ஒரு பட்டம். ஐம்பது வயதுக்கு மேல் அமெரிக்க சீனியர் டூரில் ஒன்பது பட்டங்கள், அங்கே 1997இல் ஒரு சுற்றில் 60 அடித்தார், 55 வயதில். 2004இல் உலக கோல்ஃப் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது.

"அப்போ ஜம்போ ஒசாகி?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஜப்பான் டூரில் ஒசாகிக்கு 94 பட்டங்கள், அவோகியை விட மிக அதிகம். பேஸ்பால் ஆடிவிட்டு வந்த பலசாலி, பந்தை அவ்வளவு தூரம் அடிப்பார், உள்ளூரில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ அவருக்குப் பட்டம் இல்லை. அவோகி தன் 'டக்' தட்டலை எடுத்துக்கொண்டு ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா என்று நாலு இடத்திலும் போய், விதவிதமான புல்லில், விதவிதமான காற்றில் ஜெயித்தார். வீட்டில் அடித்த 94ஐ விட இதுவே எனக்குப் பெரிது. மட்சுயாமா இருவரையும் தாண்டிவிட்டார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டாவது இடம் யாருக்கு என்றால் என் பதில் அவோகிதான். நேரம் கிடைத்தால் 1980இன் அந்தக் கடைசிச் சுற்றைத் தேடிப் பாருங்கள், நிக்லஸ் அடிக்கும்போது பார்ப்பதை விட அவோகி குனியும்போது அந்த மட்டை முனையைப் பாருங்கள்.