இளையோரின் சூழலியல் உரைகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேல்நிலை வகுப்பில் உரைப் பகுப்பாய்வு சொல்லித் தருகிறேன். இளம் சூழலியல் செயற்பாட்டாளர்களின் உரைகளைக் கொடுத்தால், "இது ஈதோஸ் (பேசுபவரின் நம்பகத்தன்மை), இது பேத்தோஸ் (கேட்பவரின் உணர்ச்சியைத் தொடுதல்), இது அடுக்குமொழி" என்று ஓரத்தில் குறித்துவிட்டு, "ஆகவே கேட்பவர் மனத்தைத் தொடுகிறது" என்று முடித்துவிடுகிறார்கள். எல்லாக் கட்டுரைகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எங்கே பிழை?

வெ.

அன்புள்ள வெ.,

உத்திக்குப் பெயர் வைத்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். அந்த வரி அந்த அரங்கில் யாரை நோக்கிச் சொல்லப்பட்டது, கேட்டவருக்கு என்ன பதில் மிச்சமிருந்தது என்ற கேள்வி அங்கேதான் தொடங்க வேண்டும்.

எழுத்து வடிவத்தை முதலிலேயே கையில் கொடுக்காதீர்கள். காணொளியை ஒருமுறை முழுதாகப் பார்க்கட்டும். 2019 செப்டம்பர் 23 அன்று நியூயார்க்கில் ஐ.நா. பருவநிலை உச்சிமாநாட்டு மேடையில், தலைவர்களுக்கு உங்கள் செய்தி என்ன என்று ஸ்வீடனின் இளம் சூழலியல் செயற்பாட்டாளர் கிரெட்டா துன்பர்க்கிடம் கேட்கிறார்கள். "உங்களைக் கவனித்துக்கொண்டிருப்போம் என்பதே என் செய்தி" என்கிறார். அரங்கம் சிரிக்கிறது, கைதட்டுகிறது. அடுத்த வரி: "இது எல்லாமே தவறு. நான் இங்கே இருக்கவே கூடாது." முன்பே எழுதிவந்த வரியாக இருக்கலாம். ஆனாலும் சிரிப்புக்குப் பின்னால் வந்து விழுந்ததால் அது சிரித்தவர்களுக்குப் பதிலாகிவிடுகிறது. அச்சில் மட்டும் படிக்கும் மாணவர் அதைக் காரணமில்லாத கோபம் என்று எழுதுவார். எனவே கைதட்டல், சிரிப்பு, நீண்ட இடைவெளி எல்லாவற்றையும் நேரத்தோடு குறிக்கச் சொல்லுங்கள்.

அதன்பின் எழுத்து வடிவம். வரிக்கு ஒரு வாக்கியம், பக்கத்தில் எண். 'நீங்கள்', 'நாங்கள்', 'நாம்' மூன்றுக்கும் மூன்று நிறம். ஒரு நிறத்துக்குள்ளேயே ஆள் மாறுகிறாரா என்றும் பார்க்க வேண்டும். 1992இல் ரியோ புவி உச்சிமாநாட்டில் கனடாவைச் சேர்ந்த 12 வயது செவர்ன் கல்லிஸ் சுசுகி பேசிய உரையில் இதைத் தெளிவாகக் காணலாம். அரசுப் பிரதிநிதிகளாக வந்திருக்கும் நீங்கள் உண்மையில் தாய்மார்கள், தந்தையர், யாரோ ஒருவரின் பிள்ளைகள் என்கிறார். 'நீங்கள்' அப்படியே இருக்க, அது சுட்டும் ஆள் மாறிவிட்டார். அமைச்சராக உட்கார்ந்திருந்தவர் தந்தையாகக் கேட்க வேண்டியிருக்கிறது. அமைச்சரிடம் சாக்குகள் உண்டு. தந்தையிடம் அவ்வளவு இல்லை.

பிறகு நீக்கல் சோதனை. ஒரு வாக்கியத்தை அடித்துவிட்டு உரையை மீண்டும் வாசித்தால் எது சரிகிறது என்று பார்ப்பது. செவர்ன், "நான் ஒரு குழந்தைதான், எல்லாத் தீர்வுகளும் என்னிடம் இல்லை, ஆனால் உங்களிடமும் இல்லை" என்கிறார். இதை நீக்கினால், அடுத்து வரும் "ஓசோன் ஓட்டையை அடைக்க உங்களுக்குத் தெரியாது" போன்ற அடுக்கு வெறும் அதிகப்பிரசங்கித்தனமாகிவிடும். தன் அறியாமையை முதலில் ஒப்புக்கொண்டதால்தான் அவர்களுடையதைச் சுட்டும் உரிமை வருகிறது. 'ஈதோஸ்' என்று மாணவர் எழுதுவது இதைத்தான் விளக்க வேண்டும். 12 வயதில் இவ்வளவு தைரியமா என்ற வியப்பைக் கட்டுரையில் அனுமதிக்காதீர்கள்.

அந்த அடுக்கு, "எப்படிச் சரிசெய்வது என்று தெரியாவிட்டால், தயவுசெய்து உடைப்பதை நிறுத்துங்கள்" என்று முடிகிறது. அதன் உண்மைத்தன்மையையும் சோதிக்கலாம். ஓசோனைச் சிதைக்கும் பொருட்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் உடன்படிக்கை 1987லேயே கையெழுத்தானது. ஓட்டையை யாரும் போய் அடைக்கவில்லை. அப்பொருட்களின் உற்பத்தியைப் படிப்படியாக நிறுத்தினார்கள், படலம் தானே மெல்ல மீண்டுவருகிறது. அதாவது அவர் கேட்டதே அங்கே வேலை செய்தது! அதே வரியை அழிந்துபோன விலங்குக்குப் பொருத்தினால் விடை வேறு. நிறுத்தினாலும் அது திரும்பாது.

எண்கள் வரும் இடத்தில் மாணவர்கள் 'லோகோஸ்' (தர்க்கம், சான்று) என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கணக்குப் போட வையுங்கள். துன்பர்க் உரையில் வரும் எண்கள் இவை: புவி வெப்ப உயர்வு 1.5 டிகிரிக்குள் நிற்க 67 சதவீத வாய்ப்பு வேண்டுமென்றால், 2018 ஜனவரி 1இல் உலகம் இன்னும் வெளியிடக்கூடிய கார்பன் டை ஆக்சைடு 420 கிகா டன் (ஒரு கிகா டன் நூறு கோடி டன்). உரை நிகழ்ந்த நாளில் அது 350க்கும் கீழே. அன்றைய வேகத்தில் வெளியிட்டால் எட்டரை ஆண்டுக்குள் தீர்ந்துவிடும் என்கிறார். ஏறக்குறைய 21 மாதத்தில் 70 கிகா டன் என்றால் ஆண்டுக்குச் சுமார் 40. 350ஐ அதால் வகுத்தால் எட்டரையை ஒட்டி வருகிறது. கணக்கு நிற்கிறது. அடுத்த கேள்வி, ஏன் 67? ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2018 அறிக்கையில் 50 சதவீத வாய்ப்புக்கு 580 கிகா டன் என்ற தளர்வான எண்ணும் உண்டு. அவர் கடுமையானதைத் தேர்ந்தெடுக்கிறார், காரணத்தையும் சொல்கிறார்: 50 சதவீதம் உங்களுக்கு ஏற்புடையதாக இருக்கலாம், விளைவுகளோடு வாழப்போகும் எங்களுக்கு இல்லை. அறிவியல் எண் இந்த இடத்தில், யாருடைய ஆபத்தை யார் முடிவு செய்வது என்ற அறக்கேள்வியாகிறது. உரையிலேயே வலுவான பகுதி இது என்பேன். எல்லோரும் மேற்கோள் காட்டும் "உங்களுக்கு என்ன துணிச்சல்" இதைத் தாங்கும் பல்லவிதான்.

உரை எதைக் கோருகிறது என்பதையும் ஒரு வரியில் எழுதவேண்டும். துன்பர்க் உரையில் சட்டமோ வரியோ பெயர் சொல்லிக் கோரப்படவில்லை. "ஆகவே வெற்று ஆவேசம்" என்று சில மாணவர்கள் முடிப்பார்கள். அதே நாளில் துன்பர்க் உட்பட 16 சிறார்கள் ஐந்து நாடுகள்மீது ஐ.நா. குழந்தை உரிமைக் குழுவிடம் முறையீடு அளித்தார்கள். குறிப்பான கோரிக்கை அந்தத் தாளில் இருந்தது. மேடை குற்றம்சாட்ட மட்டும். (உள்நாட்டு நீதிமன்றங்களை முதலில் நாடவில்லை என்று குழு 2021இல் அதை ஏற்க மறுத்தது.) காணொளியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை வெற்றிக்குச் சான்றாக எழுதினால் மதிப்பெண் தராதீர்கள். பார்த்தவர்கள் வேறு, இணங்கவேண்டியவர்கள் வேறு.

ஒப்பீட்டுக்கு 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் பேசியதைக் கொடுங்கள். கோபப்பட எல்லாக் காரணமும் உண்டு, ஆனால் அதற்கு நேரமில்லை, செயல்படவே விரும்புகிறேன் என்கிறார். சூரிய ஆற்றலில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தவர் என்பதால் அந்த வரி நிற்கிறது. எதையும் செய்துகாட்டாத ஒருவர் சொன்னால் நழுவல்போல ஒலித்திருக்கும். அமைதியான உரையில் உத்தியே இல்லை என்று நினைக்கும் மாணவர்களுக்கு இதில்தான் வேலை அதிகம். செவர்ன், துன்பர்க் இருவரையும் முடித்த பிறகே இதைக் கொடுங்கள்.