கமரா கேள்வி–பதில்: மான் நடக்கிற பாதையில் எதை மாட்டுவது?

கேள்வி: கனடாவில், ஒன்ராறியோவில் இருக்கும் என் தம்பி இந்த வருடம் மான் வேட்டைக்கு லைசன்ஸ் எடுத்திருக்கிறான். மரத்தில் கட்டிவிட்டால் மிருகம் வரும்போது தானாகவே படம் எடுக்கிற கமரா ஒன்றை 100 டொலருக்குள் வாங்கப் பார்க்கிறான். ஒன்றில் 48 மெகாபிக்சல் என்றும் இன்னொன்றில் 24 என்றும் போட்டிருக்கிறதாம். "அக்கா, நீ வாசிக்கிற அந்தக் கமராக்காரரிடம் ஒருக்கால் கேட்டுச் சொல்லு" என்று நச்சரிக்கிறான். எது நல்லது? எப்படிக் கட்டுவது?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிற அந்த இலக்கத்தை மறந்துவிடச் சொல்லுங்கள், தங்கச்சி. பம்பலப்பிட்டியில் 28 வருடமாகக் கமரா திருத்துகிறேன். இந்த வகைக் கமராக்கள் சிலவும் என் மேசைக்கு வந்திருக்கின்றன. விலை குறைந்தவற்றின் உள்ளே இருக்கிற சென்சர் பெரும்பாலும் சில மெகாபிக்சல்தான். மிச்சத்தை மென்பொருள் நிரப்புகிறது. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில் இல்லாத புள்ளிகளைக் கணக்குப் பார்த்துப் போட்டுவிடும். அதனால் மெமரி கார்ட் சீக்கிரம் நிறையுமே தவிர, படம் தெளிவாகாது. கொம்பில் எத்தனை கிளை என்று 24இல் தெரியாவிட்டால் 48இலும் தெரியாது.

தம்பி கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. மிருகம் முன்னால் வந்து எவ்வளவு நேரத்தில் படம் விழுகிறது? இதைத்தான் ட்ரிகர் ஸ்பீட் என்று போட்டிருப்பார்கள். அரை வினாடிக்குள் இருந்தால் வாங்கலாம். ஒரு வினாடி என்றால் யோசிக்க வேண்டும். ஆற அமர நடக்கிற மான் ஒரு வினாடியில் ஏறக்குறைய ஒரு மீற்றர் போய்விடும். 50 பாகை அகலம் பார்க்கிற லென்சை இரண்டு மீற்றர் தூரத்தில் வைத்தால், படத்துக்குள் விழுகிற பாதையின் நீளம் இரண்டு மீற்றர்கூட இல்லை. அங்கேதான் வால் மட்டும் விழுந்த படங்கள் கிடைக்கின்றன. அதே கமராவை ஐந்து மீற்றருக்குப் பின்னால் கட்டினால் நாலரை மீற்றருக்கு மேல் பாதை தெரியும். மானும் முழுசாக அகப்படும். காசு குறைவாக இருக்கிறவர் கமராவைத் தள்ளிக் கட்டியே அதன் மந்தத்தைப் பாதி சரிக்கட்டலாம்.

இந்தக் கமராவில் பி.ஐ.ஆர். என்றொரு சென்சர் இருக்கிறது. அது உருவத்தைப் பார்ப்பதில்லை. சூடு இடம் மாறுவதைத்தான் உணர்கிறது. குறுக்கே போகிற சூட்டைச் சட்டென்று பிடிக்கும், நேரே தன்னை நோக்கி வருவதைப் பிந்தித்தான் பிடிக்கும். ஆனால் பாதைக்குக் குறுக்கே பார்க்கும்படி கட்டினால் மான் படத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. ஆகவே இரண்டுக்கும் நடுவில், பாதைக்குச் சரிவாக, ஏறத்தாழ 45 பாகையில் கட்டச் சொல்லுங்கள். உயரம் மூன்று அடி போதும், மானின் தோள்மட்டம் அதுதான். கட்டிய பிறகு கமராவில் 'டெஸ்ட்' நிலை இருந்தால் அதில் போட்டுவிட்டு, தம்பி அந்தப் பாதையில் ஒருமுறை குனிந்து நடந்து பார்க்க வேண்டும். சின்ன லைட் எந்த இடத்தில் மின்னுகிறதோ அங்கிருந்துதான் கமராவுக்குக் கண் திறக்கிறது. பலர் இந்த ஒரு வேலையைச் செய்யாமல், இரண்டு கிழமை கழித்து வந்து கடைக்காரரைத் திட்டுகிறார்கள்.

முகம் வடக்கே இருக்கட்டும். அந்த நாட்டில் நவம்பர் வெயில் தெற்கே தாழ்ந்து நிற்கும், தெற்கே பார்த்த லென்சுக்குள் நேரே விழும். கிழக்கும் மேற்கும் அதைவிட மோசம், ஏனென்றால் வெள்ளைவால் மான் அதிகமாக நடமாடுவதே விடியலிலும் அந்தியிலும். (கொழும்பில் கணக்கு வேறு. நமக்கு வருட நடுவில் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும், மார்கழியில் தெற்கே போய்விடும். இங்கே கட்டுகிறவர்கள் கிழக்கு மேற்கைத் தவிர்த்தாலே போதும்.)

இரவுப் படத்துக்கு இரண்டு வகை லைட் உண்டு. 850 நானோமீற்றர் என்று போட்டிருப்பது எரியும்போது மங்கலான சிவப்புப் பொட்டுகள் தெரியும், வெளிச்சம் தூரம் போகும். 940 என்று போட்டிருப்பது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தூரம் குறைவு, படமும் கொஞ்சம் கலங்கும். 100 டொலருக்குள் வாங்குகிற கமராவுக்கு நான் 850ஐத்தான் சொல்வேன். சில மான் நிமிர்ந்து பார்க்கும், பார்க்கட்டும். ஆட்கள் நடமாடுகிற, களவு போகக்கூடிய இடமென்றால் மட்டும் 940. எதுவானாலும் இரவுப் படம் கறுப்பு வெள்ளையில்தான் வரும். அதைப் பழுதென்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிட வேண்டாம்.

பற்றரியில் மிச்சம் பிடிக்க வேண்டாம். அந்தக் குளிரில் சாதாரண அல்கலைன் பற்றரி சீக்கிரம் சோர்ந்துவிடும், முதலில் படுப்பது இரவு லைட்தான். லித்தியம் ஏஏ பற்றரி சைபருக்குக் கீழேயும் தாக்குப்பிடிக்கும். கார்ட் 32 ஜீபீ போதும். மலிவான கமராக்கள் பல அதற்கு மேல் வாசிக்காது. புதுக் கார்ட்டைக் கமராவுக்குள் போட்டு, அங்கேயே ஒருமுறை ஃபோமட் பண்ண வேண்டும். இரண்டு கார்ட் வாங்கி மாற்றி மாற்றிப் போடுவது வசதி. சிம் போட்டு போனுக்குப் படம் அனுப்புகிற வகை முதல் கமராவுக்குத் தேவையில்லை, மாதாமாதம் காசு கட்ட வேண்டிவரும்.

திகதியும் நேரமும் சரியாக வைப்பதை மறந்தால் எல்லாப் பாடும் வீண். வேட்டைக்காரனுக்கு அந்தக் கமரா தருகிற பெரிய செய்தி படத்தின் அடியில் ஓடுகிற அந்த ஒரு வரிதான். எந்த மான், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மூன்று கிழமைப் படத்தை வரிசையாகப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்காக நாள்தோறும் போய்க் கார்ட்டைக் கழற்றக்கூடாது. நம் வாசனை அங்கே நின்றுவிடும், மான் பாதையை மாற்றிக்கொள்ளும். கையுறையும் ரப்பர் பூட்சும் போட்டு, நடுப்பகலில், இரண்டு கிழமைக்கு ஒருமுறை போனால் போதும்.

விதிகளையும் வருடா வருடம் பார்க்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் அரிசோனா மாநிலம் 2022 ஜனவரி 1 முதல் வேட்டைக்கு உதவியாக இந்தக் கமராவைப் பாவிப்பதையே தடைசெய்துவிட்டது.

நான் திருகோணமலையில் வளர்ந்தவன். பிரெட்ரிக் கோட்டைப் பக்கத்து மான்கள் வீதியோரம் வந்து நிற்பதைப் பார்த்துப் பார்த்துப் பள்ளிக்கூடம் போனவன். எனக்கு மானைச் சுட மனம் வராது. ஆனால் தம்பி இருக்கிற இடத்தில் அது சட்டப்படி அனுமதித்த காரியம். செய்கிறவர் குட்டியோடு வருகிற பெண்மான் எது, முதிர்ந்த கிடாய் எது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு செய்வது எவ்வளவோ மேல். கமரா அதற்கு உதவும். இன்னொன்றும் அவரிடம் சொல்லுங்கள். இரவில் காட்டு மிருகத்தைத் தானாக எடுக்கும் படத்தின் முன்னோடிகளில் ஒருவரான ஜோர்ஜ் ஷைராஸும் ஒரு வேட்டைக்காரர்தான். மிசிகன் பக்கத்து ஏரிக்கரையில் கம்பி கட்டிவைத்து, மான் அதில் தட்டினால் வெளிச்சம் வெடித்துப் படம் விழும்படி செய்தார். 1906 ஜூலை நேஷனல் ஜியோகிரபிக் இதழில் அவருடைய 74 படங்கள் வந்தன. துப்பாக்கியை வைத்துவிட்டுக் கமராவைத் தூக்கியவர் அவர்.

கேள்வி: முல்லைத்தீவில் எங்களுக்குக் காணி இருக்கிறது. இரவில் மான் வந்து பயற்றை மேய்ந்துவிடுகிறது என்று பார்க்கிறவர் சொல்கிறார். இப்படியொரு கமரா கட்டி, வருகிற நேரத்தை அறிந்து, ஆள் வைத்து ஒன்றிரண்டைப் பிடித்தால் என்ன?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: ஐயா, அதற்கு நான் உதவ மாட்டேன். மானும் மரையும் நம் நாட்டில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, 1937ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. சுடுவதும் குற்றம், கண்ணி வைப்பதும் குற்றம், இறைச்சி விற்பதும் குற்றம். மேலே கனடாக்காரருக்குச் சொன்னதை வைத்து இங்கே ஒருவரும் காட்டுக்குள் இறங்கக்கூடாது என்பதற்காகத்தான் உங்கள் கடிதத்தையும் பக்கத்திலேயே போடச் சொன்னேன்.

ஆனால் கமராவைக் கட்டுங்கள். வந்தது மான்தானா என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. பன்றியாக இருக்கலாம், முள்ளம்பன்றியாக இருக்கலாம், மாடாகவும் இருக்கலாம். ஒவ்வொரு மிருகத்துக்கும் வேலி ஒவ்வொரு விதம். பன்றி அடியால் நெம்பிக்கொண்டு வரும், மான் மேலால் பாயும். எந்த மூலையால் நுழைகிறது என்று பத்து இரவுப் படம் பார்த்துவிட்டு அந்த மூலையில் காசைப் போடுங்கள். படத்தை வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்திலும் காட்டலாம், வாய்ப்பேச்சைவிட அது நன்றாக எடுபடும்.

கேள்வி: புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய கமராவை வீட்டுக் கோடியில் கட்டினேன். ஒரே இரவில் 700 படம்! ஒன்றிலும் ஒரு பூனைகூட இல்லை. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், தெஹிவளை

பதில்: ஏமாறவில்லை. அந்த 700 படத்திலும் ஓரமாக ஆடுகிற ஏதாவது இலை இருக்கிறதா என்று பாருங்கள். கட்டாயம் இருக்கும். எனக்கும் இப்படித்தான் நடந்தது. அத்திடியவில், சதுப்பு நிலத்தோடு ஒட்டிய என் அக்கா வீட்டில் பலாமரத்தில் ஒன்றைக் கட்டினேன். முதல் கிழமை முழுக்க ஒரு வாழையிலைதான். பகலில் சூடேறிய மதிலுக்கு முன்னால் குளிர்ந்த இலை ஆடும்போது சென்சருக்கு அது மிருகம் மாதிரித்தான். லென்சுக்கு முன்னால் நாலு மீற்றருக்குப் புல், இலை, தொங்குகிற கயிறு எல்லாவற்றையும் வெட்டுங்கள். சென்சிற்றிவிற்றியை நடுவில் வையுங்கள். ஒரு தடவைக்கு மூன்று படம், பிறகு ஒரு நிமிட இடைவெளி என்று போடுங்கள்.

இரண்டாம் கிழமை ஒரு படமும் இல்லை. கழற்றித் திறந்தால், பற்றரிக்கும் மூடிக்கும் நடுவில் எறும்பு. சின்னச் சிவப்பு எறும்பு, அரிசிக்குருணை மாதிரி முட்டைகளைப் பற்றரிச் சுருளுக்குள் அடுக்கி வைத்திருந்தது. ரப்பர் விளிம்பு ஒரு இடத்தில் மடிந்திருந்தது, அதனால் வந்தது. அன்றிலிருந்து மூடும்போது விளிம்பைச் சுற்றிவர விரலால் தடவிப் பார்க்காமல் மூடுவதில்லை. உள்ளே ஒரு சிலிக்கா பொட்டலமும் போடுவேன், கொழும்பு ஈரத்துக்கு அது இல்லாமல் முடியாது.

மூன்றாம் கிழமை விடியப்புறம் 2.40க்கு ஒரு படம். முதலில் பெரிய வீட்டுப் பூனை என்றுதான் நினைத்தேன். பிறகு கட்டை வாலையும், நெற்றியிலிருந்து முதுகுக்கு ஓடிய கோடுகளையும் கண்டேன். மீன்பிடிப் பூனை. சிங்களத்தில் ஹந்துன் திவியா. அக்காவும் நானும் அந்தப் படத்தைக் குசினி மேசையில் வைத்து எத்தனை தரம் பெருப்பித்துப் பார்த்திருப்போம் என்று தெரியாது. ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கீழ் 2018இல் கொழும்பு ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றபோது பேப்பரில் வாசித்துவிட்டு மடித்து வைத்தவன்தான் நான். அதன் அர்த்தம் அன்று அந்த மேசையில்தான் விளங்கியது.

இரவில் உங்கள் கூரையில் ஏதாவது ஓடினால் அது பெரும்பாலும் மரநாயாக இருக்கும். பழுத்த வாழைக்குலைப் பக்கம் கட்டிப் பாருங்கள். பக்கத்து வீட்டு யன்னல் படத்துக்குள் வராமல் திருப்பிக் கட்டுங்கள், அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியும் வையுங்கள்.

கேள்வி: எங்கள் வாய்க்கால் ஓரம் தினமும் பெரிய கபரகொய்யா (நீர் உடும்பு) ஒன்று போகிறது. கண்ணால் காண்கிறோம், கமராவில் மட்டும் விழுவதில்லை. ஏன்?
– பாடசாலை மாணவி, கிருலப்பனை

பதில்: நல்ல கேள்வி, மகள். அதன் உடம்புச் சூடு சுற்றியிருக்கிற மண்ணின் சூட்டோடு கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். சூடு இடம் மாறினால்தானே சென்சர் விழிக்கும்? கமராவின் மெனுவில் 'டைம் லாப்ஸ்' என்று இருக்கும். அதில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் என்று வைத்து, காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை விடுங்கள். 48 படம்தான் வரும், பற்றரியும் தாங்கும். வெயில் காய வருகிற நேரம் அது. விழுந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.