“உனக்கு கிரிட்டிகல் திங்கிங்கே இல்லை” என்று திட்டு வாங்கிய தங்கைக்கு

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து, இரண்டு வருடமாக ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன் மேடம். போன மாதம் ஒரு நைட் டியூட்டி. அன்று காலைதான் கருப்பை அகற்றும் ஆபரேஷன் முடிந்த 46 வயது அம்மா ஒருவர், தூங்காமல் புரண்டுகொண்டே இருந்தார். இரவு 10 மணிக்கு பல்ஸ் 88, பி.பி. 124/80. 12 மணிக்கு 98, 118/84. 2 மணிக்கு 112, 110/86. காய்ச்சல் இல்லை, ஆக்சிஜன் 97. பேடிலும் ரத்தம் இல்லை. “வலி இல்ல சிஸ்டர், ஒரு மாதிரியா இருக்கு” என்று சொல்லித் தண்ணீர் கேட்டார். கை ஜில்லென்று இருக்கிறது என்று கூட இருந்த அவருடைய அக்கா சொன்னதும் ஃபேனைக் குறைத்துப் போர்வை போட்டேன். டியூட்டி டாக்டருக்கு போன் செய்து, “பேஷண்ட் ரெஸ்ட்லெஸ்ஸா இருக்காங்க” என்றேன். பி.பி. கேட்டார், 110 என்றேன், வலிக்கு ஊசி போடச் சொன்னார், போட்டேன். நாலரைக்கு பி.பி. 80. உள்ளே ரத்தக்கசிவு என்று மறுபடி தியேட்டருக்குக் கொண்டு போனார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். ஆனால் எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் எல்லார் முன்னாலும், “உனக்கு கிரிட்டிகல் திங்கிங்கே கிடையாது” என்றார், பார்ப்பதை அலசி யோசிக்கும் திறனே இல்லையாம். அது பிறவியிலேயே வர வேண்டியதா மேடம்? ஏதாவது கோர்ஸ் படித்தால் வருமா? வேலையை விட்டுவிடலாமா என்றுகூட இருக்கிறது.

பதில்:

உன்னை நீ என்றே எழுதுகிறேன், என் கடைசி மகள் வயசுதான் உனக்கு இருக்கும்.

முதலில் ஒன்று சொல்கிறேன். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பல்ஸ் இருக்கிறது, பி.பி. இருக்கிறது, ஆக்சிஜன் இருக்கிறது, பேடைக்கூடப் பார்த்திருக்கிறாய், ஆனால் அந்த அம்மா நிமிடத்துக்கு எத்தனை மூச்சு விட்டார் என்பது எங்கேயும் இல்லை. சார்ட்டில் 20 என்று எழுதியிருப்பாய், எனக்குத் தெரியும், நாங்களும் அதையேதான் செய்தோம். எந்த வார்டுக்குள் போய்ச் சார்ட்டைப் பிரித்தாலும் எல்லா நோயாளிகளும் 18, 20 என்று ராணுவ அணிவகுப்பு மாதிரி ஒரே தாளத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்கள். யூரின் பையைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை.

இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அந்த ராத்திரி நீ கவனிக்காமல் விட்டது என்று பார்த்தால் இந்த இரண்டுதான். மற்ற எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாய், எழுதியும் வைத்திருக்கிறாய். எழுதியதைச் சேர்த்துப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது அந்த மூன்று வரியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரு தாளில் எழுதிப் பார். பல்ஸ் 88, 98, 112 என்று ஏறுகிறது. மேல் பிரஷர் 124, 118, 110 என்று இறங்குகிறது. தனித்தனியாகப் பார்த்தால் 110 நல்ல பிரஷர்தான், போனில் கேட்ட டாக்டருக்கும் அப்படித்தான் பட்டிருக்கும். ஆனால் மேல் பிரஷருக்கும் கீழ் பிரஷருக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார்: 44, அப்புறம் 34, அப்புறம் 24. ரத்தம் குறையும்போது உடம்பு முதலில் இதயத்தை வேகமாக ஓட்டும், கை கால் ரத்தக்குழாய்களைச் சுருக்கி உள்ளே இருக்கும் முக்கிய உறுப்புகளுக்கு ரத்தத்தைத் திருப்பும், அதனால்தான் கீழ் பிரஷர் ஏறி இடைவெளி சுருங்குகிறது, அதனால்தான் கை ஜில்லென்று போகிறது, தாகம் எடுக்கிறது, ‘ஒரு மாதிரியா’ இருக்கிறது. மொத்த ரத்தத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதம் போகும்வரைகூட மேல் பிரஷர் பெரிதாக விழாமல் தாக்குப்பிடிக்கும். ஆக பி.பி. விழுவது கடைசி எச்சரிக்கை மணி. 2 மணிக்கு பல்ஸ் எண் மேல் பிரஷர் எண்ணைத் தாண்டிவிட்டது பார்த்தாயா? ஆபரேஷன் முடிந்து வந்தவரிடம் அதைப் பார்த்தால் அப்புறம் நீ நாற்காலியில் உட்காரவே கூடாது. (அந்த அம்மா பிரஷருக்கு அட்டெனலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்திருந்தால் பல்ஸும் இவ்வளவு ஏறியிருக்காது, கேஸ் ஷீட்டில் பழைய மாத்திரைகளைப் படித்துவிட்டு டியூட்டியைத் தொடங்கு என்று சொல்வது இதற்காகத்தான்.)

பேடில் ரத்தம் இல்லையே என்று நம்பியிருக்கிறாய். வயிற்றுக்குள் கசிந்தால் அது பேடுக்கு வந்தே ஆக வேண்டும் என்று இல்லை. யூரின் பை சொல்லியிருக்கும். கிலோவுக்கு மணிக்கு அரை மி.லி. வர வேண்டும், 60 கிலோ உடம்பு என்றால் மணிக்கு 30. காலையில் பையைக் காலி செய்யும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது வெறும் கணக்குப்பிள்ளை வேலை.

பிரிட்டனில் ‘நியூஸ்’ என்று, நோயாளியின் நிலை மோசமாகிறதா என்பதை முன்கூட்டியே காட்டும் ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது, மதிப்பெண் ஏற ஏற ஆபத்து. அங்குள்ள ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்தியது. அதில் உன் பேஷண்டைப் போட்டுப் பார்த்தேன். பல்ஸ் 112-க்கு 2 மதிப்பெண், பிரஷர் 110-க்கு 1, ஆக்சிஜனுக்கும் காய்ச்சலுக்கும் பூஜ்யம், நினைவோடு பேசுகிறார் என்பதால் அதற்கும் பூஜ்யம். மொத்தம் 3, காத்திருக்கலாம் போலத் தெரிகிறது. மூச்சை எண்ணி அது 22 என்று வந்திருந்தால்? இன்னும் 2. மொத்தம் 5 ஆகிவிட்டால் உடனே டாக்டர் குழுவுக்குச் சொல்லி, அவசரமாக வந்து பார்க்கச் சொல்ல வேண்டும் என்பது அந்த முறையின் விதி. நீ எண்ணாமல் விட்ட ஒரு நிமிடத்துக்கு அவ்வளவு எடை.

அப்புறம் அந்த போன். “ரெஸ்ட்லெஸ்ஸா இருக்காங்க” என்று சொன்னால் தூக்கத்தில் இருக்கிற யாரும் வலி ஊசிதான் சொல்வார்கள். அந்த அம்மாவே வலி இல்லை என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார், அதை நீ போனில் சொல்லவில்லை. இப்படிச் சொல்லியிருக்கலாம்: “சார், ஆறாவது பெட், இன்னைக்குக் காலையில கருப்பை எடுத்தவங்க. பத்து மணியிலிருந்து பல்ஸ் 88, 98, இப்ப 112. பி.பி. 124 இருந்தது 110 ஆயிடுச்சு. கை ஜில்லுனு இருக்கு, தாகம்னு சொல்றாங்க, வலி இல்லைங்கிறாங்க. உள்ள ப்ளீடிங்கோன்னு பயமா இருக்கு சார். நீங்க இப்பவே வந்து பார்க்கணும்.” அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தொடங்கி ஆஸ்பத்திரிகளுக்கு வந்த ‘எஸ்பார்’ முறை இதுதான்: இப்போது என்ன, பின்னணி என்ன, எனக்கு என்ன தோன்றுகிறது, என்ன வேண்டும். நம் பிள்ளைகள் முதல் இரண்டைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள், ‘நீ டாக்டரா நான் டாக்டரா’ என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம். கேட்டால் கேட்கட்டும். பயமாக இருக்கிறது என்று சொல்வதற்கு எம்.பி.பி.எஸ். தேவையில்லை. வரவில்லையென்றால் எத்தனை மணிக்குச் சொன்னாய், அவர் என்ன சொன்னார் என்று நர்ஸ் நோட்ஸில் எழுதிவிட்டு, ஆபரேஷன் செய்த டாக்டரையோ நைட் சூப்பர்வைசரையோ கூப்பிடு.

நான் ஏதோ பிறவி மேதை என்று நினைத்துவிடாதே. எனக்கும் சர்வீஸ் மூன்று வருடம் இருக்கும்போது, ஆண்கள் வார்டில் சர்க்கரை நோயாளி ஒருவர் நடுராத்திரியில் மேல்வயிற்றில் எரிச்சல், குமட்டல் என்றார். பகல் டியூட்டி சிஸ்டர் ‘காஸ் கேஸ்’ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நானும் காஸ் என்றே பார்த்தேன். வேர்த்துக் கொட்டியது, துண்டு எடுத்துத் துடைத்துவிட்டேன். ஜெலுசில் கொடுத்தேன். காஸுக்கு ஏன் இப்படி வேர்க்க வேண்டும் என்று ஒரு கேள்வி எனக்கு வரவே இல்லை. காலையில் ஈ.சி.ஜி. எடுத்தபோது ஹார்ட் அட்டாக். மதியம் இறந்துவிட்டார். நீ போர்வை போட்டாய், நான் துண்டால் துடைத்தேன், இரண்டும் ஒன்றுதான். ஒரு அறிகுறியைப் பார்த்ததும் அதைச் சரிசெய்யத்தான் நம் கை போகிறது, ஏன் என்று கேட்க மனம் போவதில்லை.

பிறவியிலேயே வருமா என்று கேட்டாய். பாட்ரிசியா பென்னர் என்ற அமெரிக்க நர்ஸ் 1984-ல் எழுதிய புத்தகத்தில், ஒரே மாதிரி வார்டில் இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்த பிறகுதான் ஒரு நர்ஸ் தானே திட்டமிட்டுச் செய்கிற நிலைக்கு வருகிறார் என்கிறார். நீ அந்த வாசலில்தான் நிற்கிறாய். கோர்ஸுக்குப் பணம் கட்டாதே. முந்தின டியூட்டி சிஸ்டரிடமிருந்து ஹேண்டோவர் எடுக்கும்போது ஒவ்வொரு பெட்டிலும், ‘இன்று ராத்திரி இவருக்கு எது கெட்டுப்போகலாம், கெட்டால் எனக்கு முதலில் எது தெரியும்’ என்று மனதுக்குள் கேள். எல்லாருக்கும் முடியவில்லையா, புதிதாக ஆபரேஷன் ஆனவர்களுக்கு மட்டுமாவது கேள். பதில் தெரியாவிட்டால் அந்த இன்சார்ஜ் சிஸ்டரிடமே போய்க் கேள். எல்லார் முன்னாலும் திட்டியது தப்புதான், ஆனால் திட்டுகிறவர்களுக்குப் பெரும்பாலும் விஷயம் தெரிந்திருக்கும், கேட்டால் சொல்லியும் தருவார்கள். ஒரு நர்ஸுக்கு எத்தனை பெட் என்று நீ எழுதவில்லை. இருபதுக்கு மேல் என்றால் உன் யோசனையை மட்டும் குறை சொல்ல அவருக்கும் உரிமை இல்லை.

வேலையை விடாதே. அடுத்த நைட் டியூட்டிக்கு முன்னால் நொடி முள் உள்ள ஒரு வாட்ச் வாங்கிக்கொள். பல்ஸ் பார்த்து முடித்த பிறகும் கையை விடாமல் பிடித்துக்கொண்டே, அவர்களுக்குத் தெரியாமல், நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுசாக எண்ணு. எண்ணுகிறாய் என்று தெரிந்தால் மூச்சை மாற்றிவிடுவார்கள்.