விலையுயர்ந்த பொருட்களுக்குக் காகிதப் பெட்டி: சுத்தமாகவும் இருக்க வேண்டும், சூழலையும் கெடுக்கக் கூடாது. எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் மேல்பூச்சைப் பாருங்கள். வழுவழுப்பான பெட்டியின் ஓரத்தைக் கொஞ்சம் கிழித்தால் மெல்லிய பிளாஸ்டிக் படலம் தனியாக உரிந்து வருகிறதா? அது லேமினேஷன். மறுசுழற்சிக்காகக் காகித ஆலையில் பெட்டியைக் கூழாக்கும்போது அந்தப் படலம் கரையாது, கழிவாகத்தான் ஒதுங்கும். நீர் சார்ந்த வார்னிஷ் என்றால் இந்தத் தொல்லை குறைவு. தங்க நிற எழுத்தைப் பலர் குறை சொல்வார்கள். ஆனால் அதற்குப் பயன்படும் ஹாட் ஃபாயிலில், அதாவது சூடாக அழுத்திப் பதிக்கும் முறையில், அட்டையில் ஒட்டுவது மிக மெல்லிய பூச்சுதான். என்னைக் கேட்டால், மூடிக்குள் ஒளித்துவைக்கும் காந்தம்தான் மறுசுழற்சிக்குப் பெரிய வம்பு.

சுத்தம் என்று வந்தால், மறுசுழற்சி அட்டை எல்லாவற்றுக்கும் சரிவராது. பழைய செய்தித்தாள் மையில் உள்ள கனிம எண்ணெய், அதிலிருந்து செய்த அட்டை வழியாகச் சாக்லேட்டுக்குள் இறங்கக்கூடும். அதனால் உணவுக்கு எஃப்.எஸ்.சி. சான்று (பொறுப்பாகப் பராமரிக்கும் காட்டு மரத்துக்கான சான்று) பெற்ற புதிய நார் அட்டை, அதாவது மறுசுழற்சி செய்யாத அட்டை, நல்லது. வாட்ச், வாசனைத் திரவியப் புட்டிக்கு மறுசுழற்சி அட்டையே தாராளமாகப் போதும். வெள்ளி நகை என்றால் உள்ளே சுற்றும் டிஷ்யூவில் அமிலமும் கந்தகமும் இருக்கக் கூடாது. கந்தகம் பட்டால் வெள்ளி கறுத்துவிடும். அப்புறம், பெட்டிகளை ஈரம் படாத இடத்தில் அடுக்குங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.