பிரதமர் வீட்டுத் திட்டத்தில் தணிக்கை என்று ஒன்று உண்மையில் நடக்கிறதா?

நடக்கிறது. ஆனால் நீங்கள் கேள்வியில் சொல்லியிருப்பது (பாலக்கோடு பக்கம் உங்கள் ஊரில் மாடி வீடு வைத்திருப்பவருக்கு வீடு வந்திருக்கிறது, பக்கத்துத் தெருவில் ஓலைக் கொட்டகையில் இருக்கும் அம்மாவுக்கு வரவில்லை) பெரும்பாலான தணிக்கைகளில் பாதிதான் தெரியவரும். தர்மபுரி மாவட்டத்தில் கிராம அளவில் சமூகத் தணிக்கை வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வீடு வாங்கினவரைத்தான் தணிக்கை தேடிப் போகும். விடுபட்டவரைத் தேடுவது அதன் வேலையாகவே வைக்கப்படவில்லை.

முதலில் பெரிய தணிக்கை. சி.ஏ.ஜி. (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) கொடுக்கும் மாநில அறிக்கை ஆளுநருக்குப் போய், சட்டமன்றத்தில் வைக்கப்பட்டு, பொதுக் கணக்குக் குழுவுக்கு வரும். பிரதமர் திட்டத்துக்கு முன்பிருந்த இந்திரா நினைவு குடியிருப்புத் திட்டத்தை நாடு முழுக்க ஆய்வு செய்து 2014-ல் அவர்கள் கொடுத்த அறிக்கையிலேயே தகுதியில்லாதவர்களுக்கு வீடு போனது பதிவாகியிருக்கிறது. ஆனால் அவர்கள் மாதிரிக்குச் சில மாவட்டம், அதில் சில ஒன்றியம் என்று எடுத்துப் பார்ப்பவர்கள். உங்கள் ஊர் அதில் வருவது அதிர்ஷ்டம். வந்தாலும் அறிக்கை வெளியாகும்போது கிளர்க் மாறியிருப்பார், ஓவர்சியர் மாறியிருப்பார். உள்ளாட்சி நிதித் தணிக்கைக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ரசீது, வவுச்சர், அளவுப் புத்தகம் பார்த்துத் தணிக்கைத் தடை (ஆட்சேபணை) எழுதுவார்கள். அது அவர்கள் வேலை, குறை சொல்ல முடியாது.

அடுத்து, எல்லோரும் பெருமையாகச் சொல்லும் போட்டோ. கடைக்கால், லிண்டல், தளம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் இடக்குறிப்போடு படம் ஏற்றினால்தான் அடுத்த தவணை வங்கிக் கணக்குக்கு வரும். கட்டாத வீட்டுக்குப் பில் போடுவது இதனால் கஷ்டமாகிவிட்டது, உண்மை. ஆனால் அந்த இடத்தில் ஒரு சுவர் இருக்கிறது என்பதைத்தான் போட்டோ சொல்லும். அது யார் வீட்டுச் சுவர் என்று சொல்லாது. அண்ணன் பெயரில் உத்தரவு, தம்பி நிலத்தில் கட்டடம், குடியிருப்பது மூன்றாவது ஆள் என்றால் கம்ப்யூட்டருக்கு எல்லாம் பச்சை விளக்குதான்.

சமூகத் தணிக்கை இந்த இடத்தில்தான் வித்தியாசப்படும். 2005-ம் வருட நூறு நாள் வேலைச் சட்டத்தின் 17-வது பிரிவில் இருந்து வந்த முறை, வீட்டுத் திட்டத்துக்கும் நீட்டினார்கள். தணிக்கையாளரைச் சொந்த ஊராட்சிக்குப் போட மாட்டார்கள். பயனாளிகள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், பாஸ்புக்கை வாங்கிப் பார்த்து, கடைசியில் சிறப்பு கிராம சபையில் எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டும்.

பாஸ்புக் பார்ப்பதில்தான் விஷயமே இருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டுக்கான 1.20 லட்சத்தோடு கான்கிரீட் மேல்தளத்துக்கு மாநில அரசு தரும் 1.20 லட்சமும் சேர்ந்து 2.40 லட்சம். அது போக வீடு கட்டுகிற குடும்பத்துக்கு நூறு நாள் திட்டத்தில் 90 நாள் கூலி உண்டு, கழிப்பறைக்கு 12,000 ரூபாய் உண்டு. 2.40 லட்சம் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். 90 நாள் கூலி பாதிப் பேருக்குத் தெரியாது. பென்னாகரம் பக்கம் ஒரு ஊராட்சியில், "கூலி வந்துச்சாம்மா?" என்று கேட்டால், "அது ஏரி வேலைக்குத் தானே தம்பி குடுப்பாங்க?" என்று திருப்பிக் கேட்டார்கள். மஸ்டர் ரோலை (வேலைக்கு வந்தவர்களின் வருகைப் பதிவேடு) எடுத்தால் அந்த வீட்டு வேலைக்கு வேறு யார் யார் பெயரோ ஓடிக்கொண்டிருந்தது. சின்னத் தொகைதான், ஆனால் வீட்டுக்கு வீடு. இதை எந்தப் போட்டோவும் பிடிக்காது.

எனக்குப் பிடிக்காத ஒரு பழக்கமும் சொல்லிவிடுகிறேன். பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பார்த்ததும் "பயனாளி வசிக்கவில்லை" என்று எழுதிவிடுவார்கள். நம்ம பக்கம் பாதிக் குடும்பம் பெங்களூருவில் கட்டட வேலையில் இருக்கிறது. வாங்கின கடனை அடைக்கப் போனவர்கள் அவர்கள். 2.40 லட்சத்தில் இன்றைக்கு எந்த மேஸ்திரி வீடு முடித்துத் தருவார்? சித்தேரி மாதிரி மலை ஊராக இருந்தால் மணலை மேலே ஏற்றும் செலவே தனி. பொங்கலுக்கோ மாரியம்மன் பண்டிகைக்கோ போய்ப் பார்த்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

சரி, உங்கள் ஊர் விஷயம். இந்தத் திட்டத்தின் மூலப் பட்டியல் 2011 சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பில் இருந்து வந்தது. அப்போது குடிசையில் இருந்து பிறகு மாடி கட்டியவர் பெயர் அதில் அப்படியே நிற்கும். கிராம சபைதான் அந்தப் பெயரை அடிக்க வேண்டும். நிறைய இடத்தில் தலைவர் எதிரில் யாரும் வாய் திறப்பதில்லை, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து மட்டும் இருக்கும். 2011-ல் வேலைக்கு வெளியூர் போயிருந்தவர் பட்டியலிலேயே இல்லை. பைக் இருந்ததால் கழிக்கப்பட்டவர்களும் உண்டு. ஓசூர் கம்பெனிக்குப் போகிற பையன் பைக் இல்லாமல் எப்படிப் போவான்? அந்த நிபந்தனையை 2024-ல்தான் எடுத்தார்கள்.

அதனால் அந்த அம்மாவுக்காகத் தணிக்கையை நம்பிக் காத்திருக்காதீர்கள். மாடி வீட்டுக்காரர் பற்றிய புகாரைச் சமூகத் தணிக்கைக்கு ஊருக்கு வருபவரிடம் எழுத்தில் கொடுங்கள். தணிக்கை அறிக்கையில் பாராவாக (தனிக் குறையாக) ஏறினால் மாவட்டக் குழு வரை போகும், பணத்தைத் திரும்பக் கட்டச் சொல்லவும் முடியும். அந்த அம்மாவின் பெயர் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கிறதா என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி யூனியன் ஆபீஸில் கேளுங்கள், முப்பது நாளில் பதில் தர வேண்டும். கூடவே அவர் பெயர் எந்தக் கிராம சபையில், என்ன காரணத்துக்காகக் கழிக்கப்பட்டது என்ற தீர்மான நகலையும் கேளுங்கள். குடிசை என்பதால் 2024-ல் ஆரம்பித்த கலைஞர் கனவு இல்லத்துக்கும் (3.5 லட்சம், 360 சதுர அடி) மனு கொடுக்கலாம். அதற்கு அவர் பெயரில் பட்டா இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். நான் பார்த்த வரை நம்ம பக்கம் மனு அதிகம் மாட்டிக்கொள்வது அங்கேதான்.